சூடோ கேட்டு வந்தவர்கள்

எங்கள் துறை ஆய்வகத்தில் ஒரே ஒரு உபுண்டு சர்வர். பன்னிரண்டு பேர் புழங்கினார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரே லாகின், அதற்கு முழு சூடோ உரிமை. கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ்வேர்டு கொடுத்தது நான்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆப்ட் அப்டேட் ஓடாமல் பிழை காட்டியது. யாரோ புதிய பைத்தானை இன்ஸ்டால் செய்து, சிஸ்டத்தின் பைத்தான்3 இணைப்பையே அதற்குத் திருப்பிவிட்டிருந்தார். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பல, அதனுடன் வந்த பைத்தான் பதிப்பை நம்பியே இயங்குகின்றன. இணைப்பைப் பழையபடி மாற்ற ஐந்து நிமிடம் ஆனது. செய்தவர் யாரென்றுதான் தெரியவில்லை. சூடோ ஒவ்வொரு கட்டளையையும் பயனர் பெயரோடு லாகில் பதிகிறது. எங்கள் லாகில் இருந்ததோ ஒரே பெயர்.

அன்றே ஆளுக்கொரு கணக்கு திறந்தேன். பொது லாகினுக்கு இருந்த சூடோ உரிமையை எடுத்தேன். அந்த வாரமே மூன்று பேர் சூடோ கேட்டு வந்தார்கள். எதற்கென்று விசாரித்தேன். இருவருக்குப் பைத்தான் லைப்ரரிகள் வேண்டும். அதற்கு ரூட் எதற்கு? அவரவர் ஹோம் டைரக்டரியில் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் போதும். உபுண்டு 24.04-இல் சிஸ்டம் பைத்தானுக்குள் நேரடியாக இன்ஸ்டால் செய்ய பிப் மறுக்கிறது. அதை மீறும் ஃப்ளாகைத் தேடிப் போடாதீர்கள். மூன்றாமவர் வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது. விசூடோவில் அந்த ஒரு கட்டளையை மட்டும் முழுப் பாதையோடு எழுதிக் கொடுத்தேன். விம் போன்ற எடிட்டருக்கு இப்படி அனுமதி தரவே கூடாது. அதற்குள்ளிருந்தே ரூட் ஷெல் திறந்துவிடலாம். கோப்பைத் திருத்த சூடோஎடிட் இருக்கிறது.

பெரிய ஓட்டை சில மாதம் கழித்தே கண்ணில் பட்டது. டாக்கர் குழுவில் நான்கு பேரைச் சேர்த்து அப்படியே விட்டிருந்தேன். அந்தக் குழுவில் இருப்பவர் சர்வரின் மொத்த டிஸ்க்கையும் கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்து, ரூட்டாக எந்தக் கோப்பையும் மாற்றலாம். பாஸ்வேர்டு கேட்காது, சூடோ லாகிலும் வராது. என் பார்வையில் இது சூடோவைவிட ஆபத்து. இப்போது அவர்களுக்கு டாக்கருக்குப் பதிலாக, ரூட் தேவைப்படாத பாட்மேன்.

பைத்தானை மாற்றியவர் பின்னொரு நாள் தானாகவே வந்து சொன்னார். ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரமாம், ஒரு லைப்ரரிக்குப் புதிய பதிப்பு தேவைப்பட்டதாம். “ரெண்டு தடவை உங்க ரூமுக்கு வந்தேன் சார், நீங்க கிளாஸ்ல இருந்தீங்க.”

இப்போது காலையில் வரும் இன்ஸ்டால் கோரிக்கைக்கு அன்று மாலைக்குள் பதில் சொல்லிவிடுகிறேன்.