சாவி இல்லாத வங்கி உண்டியலை ஒதுக்காதீர்கள்

மாண்ட்ரியலின் பழம்பொருள் கடைகளில் வங்கி உண்டியல் தேடுபவர்கள், சாவி இல்லையென்றால் வாங்கத் தயங்குகிறார்கள். தயக்கம் தேவையில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேமிப்பு வங்கிகள் வழங்கிய உலோக உண்டியல்கள் பலவற்றின் சாவி வங்கியிடமே இருந்தது. நிரம்பியதும் அங்கே கொண்டுபோய்த் திறந்து, கணக்கில் போட வைக்கும் ஏற்பாடு அது. ஆகவே நெம்பித் திறந்த பூட்டும், காசுத் துளையில் கத்தி நுழைத்த கீறலும்தான் உண்மையான குறை. சாவியின்றிப் பழமையை எப்படி அறிவது என்று கேட்கலாம். பொறித்த பெயரைப் படியுங்கள். 1846இல் தொடங்கிய ‘மாண்ட்ரியல் சிட்டி அண்ட் டிஸ்ட்ரிக்ட் சேவிங்ஸ் பேங்க்’, 1987இல் லொரென்ஷியன் வங்கி ஆனது. பழைய பெயருள்ள உண்டியல் அதற்கு முந்தைய காலத்தது. பாலிஷ் போட்டால் அந்த எழுத்தே தேய்ந்துவிடும் என்பதால், உலர்ந்த மென்துணியால் மட்டும் துடையுங்கள்.