இறந்தவர் சொத்தை நிர்வகிக்க உரியவர் யார்?

குடும்பத் தலைவர் காலமாகிக் கருமாதி முடிந்ததும், ‘நிலத்தையும் கடனையும் இனிக் கவனிப்பவர் யார்?’ என்ற கேள்வி எழுகின்றது. ‘மூத்த மகன் இருக்க வேறு யார்?’ என்று ஊரார் விடை கூறிவிடுவர். சில ஊர்களில், பஞ்சாயத்தார் முன்னிலையில் தாள் ஒன்றில் எழுதி, கணவனை இழந்த அம்மையாரின் கைரேகையையும் பெற்று விடுகின்றனர். நல்லெண்ணத்துடன் செய்யும் இக்காரியமே பின்னர் நெடிய வழக்குக்கு வித்தாவதை நாம் கண்டிருக்கின்றோம். ஆகவே, இது குறித்துச் சட்டம் கூறுவது யாதென அறிதல் நலம்.

நியமனம் பெறத் தகுதியுடையோர்

இறந்தவர் உயில் எழுதி, அதனை நிறைவேற்ற ஒருவரைக் குறித்திருந்தால் அப்பொறுப்பு அவரைச் சாரும். உயில் இல்லாவிடில், மாவட்ட நீதிமன்றம் நிர்வாகியை நியமிக்கலாம். அவ்வாணையை ‘லெட்டர்ஸ் ஆப் அட்மினிஸ்ட்ரேஷன்’ என வக்கீல்கள் கூறுவர்.

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவர் இந்துவாயினும் முஸ்லிமாயினும், அவர் சொத்தில் பங்கு பெற உரிமையுள்ள எவரும் விண்ணப்பிக்கலாம். பலர் விண்ணப்பித்தால், ஒருவரையோ பலரையோ நீதிமன்றம் தேர்ந்து நியமிக்கும். வாரிசுகள் எவரும் முன்வராவிடில், கடன் கொடுத்தவரையும் நியமிக்கலாம். கிறிஸ்தவர் இறந்தால், விலக்கத் தகுந்த காரணம் இருந்தாலன்றி, அவர் மனைவிக்கே முதலிடம். வயது வராதவரும் சித்த சுவாதீனம் இல்லாதவரும் நிர்வாகியாக இயலாது.

மூத்த மகனுக்குத் தனிச் சலுகை உண்டா?

இல்லை. ஓர் உதாரணம் காண்போம். இந்துக் குடியானவர் ஒருவர், தம் சுயசம்பாத்தியமான 5 ஏக்கர் நிலத்தை விட்டு, உயிலின்றி இறந்தார் எனக் கொள்வோம். அவருக்குத் தாயும், மனைவியும், இரு மகன்களும், மணமாகி வேற்றூர் சென்ற மகளும் உளர். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஐவருக்கும் சமபங்கு, அதாவது ஆளுக்கு ஒரு ஏக்கர். எனவே ஐவருள் எவரும் விண்ணப்பிக்கலாம். ‘சீர் செய்து அனுப்பியாயிற்று’ என்பதனால் மகளின் உரிமை அற்றுப் போகாது. பூர்வீகச் சொத்தின் கணக்கு வேறு. எனினும் அதிலும் மகனுக்கு நிகரான உரிமையை 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் மகளுக்கு அளித்துள்ளது.

நிர்வாகியின் கடமைகள்

நிர்வாகி சொத்தின் எசமானர் அல்லர். வாரிசுகள் அனைவர் பொருட்டும் அதனைக் காப்பவர். அவர் நீதிமன்றத்தில் ஜாமீனுடன் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்தல் வேண்டும். 6 மாதத்திற்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டிற்குள் வரவு செலவுக் கணக்கையும் தாக்கல் செய்தல் வேண்டும்.

பணம் கொடுப்பதிலும் வரிசை உண்டு. ஈமச் செலவும் இறுதிக்கால மருத்துவச் செலவும் முதலில். நியமனம் பெற்ற செலவு அடுத்து. அதன் பின், இறப்பதற்கு முந்திய 3 மாதங்களில் அவரிடம் வேலை செய்த கூலியாட்கள், கைவினைஞர்கள், வீட்டுப் பணியாளர்கள் ஆகியோரின் கூலிபாக்கி. ஏனைய கடன்கள் அதற்கும் பின்னரே. அறுவடைக் கூலி நின்றுபோன உழைப்பாளிக்கு இது பெரும் பாதுகாப்பு.

நீதிமன்றத்தின் முன் அனுமதியின்றி நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, 5 ஆண்டுக்கு மேற்பட்டுக் குத்தகைக்கு விடவோ நிர்வாகிக்கு அதிகாரமில்லை. தக்க காரணமின்றி, வேண்டுமென்றே கணக்குக் காட்டாதவரின் நியமனத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம்.

பஞ்சாயத்தார் கவனத்திற்கு

எல்லாக் குடும்பங்களும் நீதிமன்றம் செல்ல வேண்டுமென்பதில்லை. உயிலின்றி இறந்த இந்து, முஸ்லிம், இந்தியக் கிறிஸ்தவர் ஆகியோர் விஷயத்தில் இந்நியமனம் கட்டாயமன்று. வாரிசுகள் மனமொத்துப் பாகப்பிரிவினை செய்து பதிவு செய்துகொள்ளலாம். வாரிசுகளுக்குள் வேற்றுமையும் தீராத கடனும் உள்ளபோதே நிர்வாகியின் தேவை மிகுதி.

தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், வாரிசுகள் இன்னாரென்று காட்டுமே தவிர, எவரையும் நிர்வாகி ஆக்காது. பஞ்சாயத்துத் தீர்மானமும் அவ்வாறே. அங்கத்தினர்கள் சமரசம் பேசலாம், நியமனம் செய்யலாகாது. சமரசம் பேசுமுன், அந்த அம்மையாரும் மகளும் அவ்விடத்தில் இருக்கின்றனரா என முதலில் பார்க்க வேண்டும். அவர்கள் படித்துணராத தாளில் கைரேகை பெறும் வழக்கம் நம் ஊர்களிலிருந்து ஒழிய வேண்டும்.