செல்போன் காட்டும் வழி சரிதானா? சோதிப்பது எப்படி?

பஞ்சகவ்யம் பற்றி ஒரு வீடியோ பார்த்தால் போதும், அடுத்து பத்து வீடியோவை செல்போனே எடுத்து நீட்டுது. இதைப் 'பரிந்துரை முறை' என்கிறார்கள். இது நமக்கு உதவுதா, நேரத்தைத் தின்னுதா? சோதித்துப் பார்ப்பது லேசான காரியம் இல்லை. ஆனா வயலில் சோதனை போட்டுப் பழகிய நமக்கு இது சுலபமா விளங்கும்.

ஒரே வயலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கரைசல் தெளித்து, மறுபாதியைச் சும்மா விட்டு ஒப்பிடுகிறோம். நிறுவனங்களும் ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்குப் பழைய பரிந்துரையும் மற்றதுக்குப் புதியதும் காட்டுகின்றன. சிக்கல் நான்கு இடத்தில் வருது.

1. எதை அளப்பது?
யூரியா போட்ட பயிர் கருகருன்னு நிற்கும். மணி பிடிக்குமா என்பது வேறு கேள்வி. எத்தனை பேர் தொட்டார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதெல்லாம் தழை. பயன்பட்டதா என்பதுதான் மணி. பார்வையாளர் கொடுக்கப்போகும் மதிப்பெண்ணை 10 சதவீதம் கூடுதல் துல்லியமாகக் கணிப்பவருக்கு 10 லட்சம் டாலர் என்று 2006ல் நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. 2009ல் ஒரு குழு பரிசும் வாங்கியது. ஆனால் வென்ற முறையை முழுசாக நிறுவனம் பயன்படுத்தவே இல்லை. கிடைத்த துல்லியம், அதைப் பொருத்தும் உழைப்புக்கு ஈடாகலை.

2. காட்டுவதே கருத்தை மாற்றும்.
அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003ல் வெளியிட்ட ஆய்வில், சினிமா ரசிகர்களிடம் கணித்த மதிப்பெண்ணை வேண்டுமென்றே ஏற்றியும் இறக்கியும் காட்டினார்கள். ரசிகர்கள் கொடுத்த மதிப்பெண்ணும் அந்தப் பக்கமே சாய்ந்தது. அப்போ "பிடிச்சிருக்கு" என்ற பதிலை எப்படி அப்படியே நம்புவது?

3. ஒரு போகம் போதாது.
ரசாயனத்திலிருந்து மாறிய முதல் வருட விளைச்சலை வைத்து இயற்கை வேளாண்மையை எடைபோட முடியுமா? புதுசு என்பதாலேயே ஆட்கள் சில நாள் அதிகம் பார்ப்பார்கள். மோகம் தணிந்த பிறகு அளக்கணும்.

4. வரப்பு கசியும்.
ஒரு கூட்டத்துக்குக் காட்டிய வீடியோவை அவர்கள் மற்ற கூட்டத்துக்கு அனுப்பிவிட்டால், இரண்டுக்கும் வித்தியாசம் மங்கிப்போகும்.

நம்ம குழுவிலேயே சோதிக்கலாம். பத்துப் பேரில் ஐந்து பேரைச் சீட்டுக் குலுக்கி எடுங்க. அவர்கள் செல்போன் நீட்டுவதைப் பார்க்கட்டும். மற்றவர்கள் தாங்களே தேடிப் பார்க்கட்டும். இரண்டு வாரம் கழித்து இடம் மாறுங்க. பார்த்ததில் எத்தனை வயலுக்கு உதவியது என்பதை மட்டும் நோட்டில் குறிங்க. கணக்கு நம்ம கையில் இருந்தால்தான் முடிவும் நம்ம கையில் இருக்கும்.