ஆங்கில நாட்டுப் பீங்கானின் பிறப்பு

ஒளிக்கெதிரே பிடித்தால் விரல் நிழல் தோன்றும் மென்மையும், கொதிநீர் வார்ப்பினும் வெடியாத வன்மையும் ஒருங்கே உடையது நற்பீங்கான். அதனைச் செய்யும் முறையைச் சீனர் பல நூற்றாண்டுகளாக மறைபொருளாய்ப் போற்றினர். ஐரோப்பாவில் ஸாக்ஸனி நாட்டார் 1708-ஆம் ஆண்டளவில் அதனைக் கண்டறிந்து, 1710-இல் மைஸன் தொழிற்சாலையை நிறுவினர்.

ஆங்கிலேயர் அம்மறையை அறியாராய், கண்ணாடிப் பொருளைக் களிமண்ணுடன் கலந்து பீங்கான் போன்றதொன்றைச் செய்தனர். 1745-ஆம் ஆண்டளவில் லண்டனையடுத்த செல்ஸியில் செய்த கலங்கள் அழகியவை. ஆயினும் இவ்வகைக் கலங்கள் சூளையில் நெகிழ்ந்து உருக்குலைவதும், வெந்நீரில் வெடிப்பதும் உண்டு. இக்குறை நீக்கப் போ என்னுமிடத்தார் எலும்புச் சாம்பலையும், 1751-இல் தோன்றிய வூஸ்டர் சாலையார் மாக்கல்லையும் கலந்தனர்.

நிற்க. சீனாவிலிருந்த தாந்த்ரகோல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1712-லும் 1722-லும் எழுதிய கடிதங்களில், பீங்கானுக்குரிய பொருள் இரண்டென விளக்கினார். ஒன்று கயோலின் என்னும் வெண்களிமண். மற்றொன்று பெதுன்சே என்னும் கல். கல் உருகிப் பிணிக்கும். மண் உருகாது உருவைத் தாங்கும். இச்செய்தியைக் கற்ற பிளிமத் நகர மருந்து வணிகர் வில்லியம் குக்வொர்தி, அவ்விரண்டையும் தம் நாட்டிலேயே தேடலானார். 1740-களில் கார்ன்வாலில் ட்ரெகானிங் குன்றில் அவ்வெண்மண்ணைக் கண்டார்.

கண்டது எளிது, சுடுவதோ அரிது. பல்லாண்டு முயன்று 1768-இல் அவர் அரசாங்கத் தனியுரிமை பெற்றார். ஆயினும் இப்பீங்கானுக்கு வேண்டிய பெருவெப்பத்தில் கலங்கள் கோணின. புகை படிந்து கறுத்தன. 1770-இல் தொழில் பிரிஸ்டலுக்கு மாறியது. 1774-இல் அதனை ரிச்சர்ட் சாம்பியனிடம் ஒப்புவித்துவிட்டு, 1780-இல் குக்வொர்தி காலமானார். மறு ஆண்டே அவ்வுரிமையை ஸ்டாபோர்ட்ஷயர் குயவர் சிலர் விலைக்குக் கொண்டனர்.

அவர் முயற்சி வீணாயிற்றோ? அன்று. 1790-களில் அதே ஸ்டாபோர்ட்ஷயரில் ஸ்போட் குடும்பத்தார் எலும்புச் சாம்பலுடன் கார்ன்வால் மண்ணையும் கல்லையும் கூட்டி 'எலும்புப் பீங்கானை' உருப்படுத்தினர். பாதி சாம்பல், கால் மண், கால் கல் என்பதே அதன் பொது அளவு. ஆங்கிலப் பீங்கானுக்கு உலகெங்கும் பெயர் தந்தது இதுவே. போ சாலையும் பிளிமத் சாலையும் மறைந்தன. முன்னதன் சாம்பலும் பின்னதன் மண்ணும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்து நிலைத்தன. ஒருவர் முடிக்காது விட்டது பிறர் கையில் முடிவதும் ஒருவகை வெற்றியே என்பதை, இனித் தேநீர்க் கிண்ணத்தை ஏந்தும்போது நாம் நினைவுகூர்வோமாக.