நிலவரைபடச் சான்றும் ஆற்றுப் பெயரும்: ஆத்தூர்க் குடகனாற்றுப் பள்ளத்தாக்கு

பெயராய்வில் கல்வெட்டும் இலக்கியமும் பெறும் இடத்தை நிலவரைபடம் இன்னும் பெறவில்லை. திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர்ப் பகுதி இக்குறையை நன்கு உணர்த்தும் களமாகும்.

திண்டுக்கல் சீமை 1792-இல் திப்புவிடமிருந்து கும்பினியார் வசமாயிற்று. 1821-இல் லெப்டினன்ட் வார்டு பழனி மலைகளை அளந்தார். அக்கால வரைபடங்களில் மலைகள் சரிவின் திசையில் இழுக்கப்பெற்ற குறுங்கோடுகளால் காட்டப்பட்டன. அவை சரிவின் கடுமையை உணர்த்துமேயன்றி உயரத்தைத் தாரா. 1905-க்குப் பின்னர் இந்திய நில அளவைத் துறை உருவாக்கிய, மைலுக்கு ஓரங்குல அளவுடைய படங்களே சம உயரக்கோடுகளைப் பரவலாகக் கொண்டன. அவ்வரிசையில் ஆத்தூர் 58 எஃப் தாளின் 15ஆம் பிரிவில் அடங்கும். கோடுகளைத் தொடர்ந்தால் ஆற்றின் போக்கு தெளிவாகும். மேற்கே கீழ்ப்பழனி மலைச்சரிவில் தோன்றி ஆத்தூர்ப் பக்கம் இறங்கும் குடகனாறு, சமவெளியில் வடக்கே திரும்பி, வேடசந்தூர் வழியாகச் சென்று அமராவதியில் கலக்கிறது.

ஆங்கில ஆவணங்கள் இவ்வாற்றைக் 'கொடகனார்' என்றும் 'கொடவனார்' என்றும் எழுதின. குடம் 'கொடம்' என ஒலிப்பது போன்ற பேச்சுவழக்கே இதற்குக் காரணமாதல் வேண்டும். எழுத்துவடிவத்தை மட்டும் நம்புவோர் இதனைக் கோடைமலையோடு தொடர்புறுத்தக்கூடும். கோடைக்கானலின் அண்மை அம்மயக்கத்தை வளர்க்கும். 'குட' என்னும் அடியோ, குடக்கு, குடதிசை என்பவற்றிற் போல, மேற்கைச் சுட்டுவது. இவ்விரண்டில் எது பொருந்தும் என்பதற்கு வரைபடமே சான்று. ஆறு மேற்கிலிருந்து வருவது அதன் மேற்பகுதியில்தான். வேடசந்தூரில் நிற்பவர்க்கு அது தெற்கிலிருந்து வருவது. எனவே பெயரிட்டோர் ஆத்தூர்ப் பக்கத்தார் எனக் கொள்ளுதல் தகும். ஆற்றூர் ஆத்தூரானது வெளிப்படை. தாமிரபரணிக் கரையிலும் ஓர் ஆத்தூர் உண்டு.

இவ்வாய்வு பெயரளவில் நிற்பதன்று. குடகனாற்று நீரை ராஜவாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் பிரிப்பதில் இரு பக்கத்து உழவரிடையே பூசல் நிலவுகிறது. இயற்கையான ஆற்றுவழி எது என்ற வினாவுக்குப் பழைய படத்தைக் காட்டுதல் எளிது. ஆயினும் காமராசர் நீர்த்தேக்கம் எழுவதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் ஒருங்கே வைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. வாய்க்காலும் ஆறும் படத்தில் ஒரே நீலக்கோடாகத் தோன்றலாம். எந்தக் கோட்டில் எவ்வளவு நீர் சென்றது என்பதை அக்கோடு கூறுவதில்லை.