நெய்வேலித் தண்ணீரும் நம் ஊர் மின்சாரமும்

கோயம்புத்தூர்

அன்புள்ள கண்ணுக்கு,

"நம்ம காட்டுல ஆயிரம் அடி போர் போட்டாலும் கல்லுத்தூள்தான் வருது. நெய்வேலியில மட்டும் எப்படி அப்புச்சி நிலக்கரி வருது?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படி.

நம் தோட்டத்துக்கு அடியில் இருப்பவை நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகள். நீலகிரியும் சார்னோகைட் மலைதான். இவற்றின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவாகிப் பிறகு மேலே வந்தவை. நிலத்தில் செடிகொடிகள் தோன்றி இன்னும் ஐம்பது கோடி ஆண்டுகூட ஆகவில்லை. மரமே பிறக்காத காலத்துப் பாறையில் மரம் மக்கிய கரி எப்படி இருக்கும்?

நிலக்கரி உருவாகச் சதுப்பு நிலம் வேண்டும். விழுந்த மரமும் இலையும் தேங்கிய நீருக்குள் காற்றுப் படாமல் கிடந்தால் முழுதாக மக்காது. அதன்மேல் மணலும் களிமண்ணும் படியப் படிய, ஈரம் பிழியப்பட்டுக் கரிச்சத்து மிஞ்சும். முதலில் பீட், அடுத்துப் பழுப்பு நிலக்கரி, பிறகு கருப்பு நிலக்கரி. ஜாரியா, தால்ச்சேர், சிங்கரேணி கரியெல்லாம் 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய காடுகள். நெய்வேலிக் கரி அவற்றைவிட மிகவும் இளையது. அதனால் அதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். அதே அளவு வெப்பம் பெற நிறைய எரிக்க வேண்டும்.

பெட்ரோலியத்தின் கதை வேறு. கடலின் நுண்ணுயிர்கள் சேற்றில் புதைந்து, சுமார் 60 முதல் 120 டிகிரி சூட்டில் மெல்ல மெல்ல எண்ணெயாகும். சூடு மேலும் ஏறினால் வாயுவாகிவிடும். காவிரிப் படுகையில் கிலோமீட்டர் கணக்கில் வண்டல் படிந்திருப்பதால் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. நம் மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லும் வண்டலாகப் படிந்ததுதான். ஆனால் பூமிக்குள் போய் வெந்து, படிகமாகவே மாறிவிட்டது. அந்தச் சூட்டில் எண்ணெய் தங்காது. அதனால்தான் இருகூர் எரிபொருள் கிடங்குக்குக் கொச்சியிலிருந்து குழாய் வழியே பெட்ரோலும் டீசலும் வருகின்றன.

இனி நெய்வேலிக்கு வருவோம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது தண்ணீரோடு கருந்துகள்கள் வந்தன. அதை அவர் அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகற்றிக் கரியைத் தொட 1961 ஆயிற்று. அடுத்த ஆண்டே மின்சாரம் வந்தது.

அங்கே பெரிய சிக்கல் தண்ணீர். கரிப் படுகைக்கு அடியிலுள்ள மணற்படுகையில் நிலத்தடி நீர் பேரழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. மேலே உள்ள மண்ணை அகற்றியதும், கொதிக்கும் உலைமூடியை ஆவி தூக்குவதுபோல், அந்த நீர் சுரங்கத்தின் தரையை உடைத்துக்கொண்டு மேலே வரப் பார்க்கும். அதைத் தடுக்கச் சுரங்கத்தைச் சுற்றிலும் குழாய்க் கிணறுகள் போட்டு, இரவும் பகலும் நீரை இறைக்கிறார்கள். பம்பை நிறுத்தினால் சுரங்கம் மூழ்கும். இறைத்த நீர் வீணாகவில்லை. அனல்மின் நிலையத்துக்கும் பாசனத்துக்கும் போகிறது, வறட்சியில் சென்னைக்கும் குடிநீராகியிருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் குழாய் இறக்கினால் தானாகவே தண்ணீர் பொங்கிய ஊர்களில், இன்று ஆழத்துக்கு மோட்டார் இறக்க வேண்டியிருக்கிறது. போர் வற்றிப்போன வீட்டுப் பிள்ளை நீ. அந்த வலியை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது நிலம். கரி தட்டுப்பட ஐம்பது, நூறு மீட்டர் மண்ணை அள்ள வேண்டும். வயல், வீடு, கோயில் என மேலே இருக்கும் எல்லாமே போகும். அள்ளிய மண் மலையாகக் குவியும். அதில் மரம் நடலாம், ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பண்பட்ட வயல் மண் சீக்கிரத்தில் திரும்பாது. 2023 ஜூலையில் நெய்வேலி அருகே வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காகக் கதிர்விடும் பருவத்து நெல்வயலில் இயந்திரங்களை இறக்கினார்கள். நிலம் எப்போதோ கையகப்படுத்தப்பட்டது என்றது நிர்வாகம். அறுவடை வரைகூடப் பொறுக்க முடியாதா என்று ஊரே கேட்டது. அதே ஆண்டு நிலக்கரி ஏலப் பட்டியலில் டெல்டாப் பகுதியின் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகியவை இடம்பெற்றபோது தமிழ்நாடே எதிர்த்தது. பட்டியலிலிருந்து அவற்றை நீக்கினார்கள்.

நெய்வேலிப் பக்கத்து இழப்பெல்லாம் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் பாடு என்று நாம் இருந்துவிட முடியாது, கண்ணு. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் மில்கள் பெருகின. நீர்மின்சாரம் போதாமல் போனபோது நெய்வேலிக் கரியும், மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு வந்த ஒடிசாக் கரியும் நம் தறிகளையும் பம்புசெட்டுகளையும் ஓட்டின. மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடி 1970இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டவர்கள் நம் விவசாயிகள். 2013இல் எரிவாயுக் குழாய் விளைநிலத்துக்குள் வரக்கூடாது என்று தெருவுக்கு வந்ததும் நாம்தான். மின்சாரத்தின் அருமையும் நிலத்தின் அருமையும் தெரிந்த மண் இது. வளையமாதேவிக்காரர் அழும்போது, நம் வீட்டு விளக்குக்கும் அந்த அழுகைக்கும் உள்ள உறவை நாம் மறக்கக் கூடாது.

நாளைக்கே எல்லாச் சுரங்கத்தையும் மூடு என்று நான் சொல்லவில்லை. அங்கே வேலை செய்யும் குடும்பங்களும் நம் மக்கள்தான். ஆனால் வெட்டிய குழிக்கும், இறைத்த நீருக்கும், இழந்த வயலுக்கும் உரிய விலையைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் கரி மலிவான எரிபொருள் அல்ல. நம்மிடம் வேறு வழியும் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வைகாசி முதல் வீசும் காற்றை நம்பி உடுமலை, பல்லடம் பக்கம் மில்காரர்கள் காற்றாலை வைத்தார்கள். வெயிலுக்கும் இங்கே பஞ்சமில்லை. நிலத்தைத் தோண்டாமல் கிடைக்கும் இந்த மின்சாரத்தைப் பெருக்குவதும், கிடைப்பதைச் சிக்கனமாகச் செலவழிப்பதும் உங்கள் தலைமுறையின் வேலை.

பள்ளியில் நிலவியல் பாடம் வரும்போது மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதே. எந்தப் பாறையில் எது கிடைக்கும் என்று அறிவதோடு, அதை எடுத்தால் யார் எதை இழப்பார்கள் என்றும் கேள். இரண்டையும் கேட்கத் தெரிந்த பொறியாளர்களும் அதிகாரிகளும் இந்த நாட்டுக்கு வேண்டும். நீ அவர்களில் ஒருத்தியாக வர வேண்டும்.

அன்புடன்,
உன் அப்புச்சி