திருவையாறு சென்றால் மூவரை நினையுங்கள்!

திருவையாறு என்றதும் தியாகராஜர் ஆராதனைதான் நம் நினைவுக்கு வரும். தஞ்சாவூரிலிருந்து சுமார் 13 கி.மீ. தொலைவில் காவிரிக்கரையில் இருக்கும் இந்தச் சிற்றூருக்குச் செல்லும்போது, மூன்று பெண்களை மறவாமல் நினையுங்கள்.

புஷ்ய மண்டபப் படித்துறையில் காவிரியை வணங்கிவிட்டு ஐயாறப்பர் கோயிலுக்குச் செல்லுங்கள். அம்பாளின் திருநாமம் அறம் வளர்த்த நாயகி. இறைவன் அளந்து தந்த இருநாழி நெல்லைக் கொண்டே 32 அறங்களையும் செய்தாளாம் அன்னை! படியளக்கும் நமக்கெல்லாம் அவளே குரு.

அதே கோயிலுக்குள் இருக்கிறது வடகயிலாயம். ராஜராஜ சோழன் தஞ்சையில் பெரிய கோயில் எழுப்பினான். அவன் தேவி உலகமாதேவி எழுப்பியது இது. அப்பருக்குக் கயிலைக் காட்சி கிட்டிய தலம் ஆயிற்றே! ஆடி அமாவாசையன்று அந்த வைபவம் இங்கே விசேஷம்.

அடுத்து, ஆற்றங்கரையில் தியாகராஜர் சமாதி. 1847-ல் சித்தியடைந்த அந்த மகானுக்கு, 1920-களில் தன் பொருளைச் செலவிட்டுக் கோயில் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆனால், பெண் என்பதால் ஆராதனையில் அவருக்கே பாட இடமில்லை! அவர் சோர்ந்துவிடவில்லை, பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். பின்னாளில் எல்லோரும் சேர்ந்து பாடும் நிலை வந்தது. 1952-ல் மறைந்த அவரது நினைவிடமும் அருகிலேயே உள்ளது.

அங்கே நின்று, தெரிந்த கீர்த்தனை ஒன்றை வாய்விட்டுப் பாடுங்கள். அந்த உரிமை அவர் பெற்றுத் தந்தது!

வீடு திரும்பியதும், தினமும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை அன்னதானத்துக்கென எடுத்து வையுங்கள். அறம் வளர்த்த நாயகி உங்கள் இல்லத்திலும் குடியிருப்பாள்.